கதிரைமாத்தி அண்ணையும் அசையாத அடுப்பும்

மன்னார்த் தீவில் எதை வேண்டுமானாலும் ஒரே இடத்தில் நிற்கப் பார்க்கலாம். நடுறோட்டில் நிற்கும் கழுதையைப் பார்க்கலாம். கழுதை விலகட்டும் என்று அதன் பின்னால் நிற்கும் பஸ்ஸையும் பார்க்கலாம். ஆனால் பேசாலையில் எங்கள் ஐஸ் கம்பனிக் கந்தோரில் வேலை செய்த கதிரைமாத்தி அண்ணையின் கதிரையைத் தொடர்ந்து இரண்டு கிழமை ஒரே இடத்தில் பார்த்தவர் இந்தத் தீவில் எவரும் இல்லை. பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு கிழமையும் அண்ணை காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார், இல்லாவிட்டால் அவருக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஏதோ என்று அர்த்தம்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது கோயில் பதிவில் பத்திரமாக இருக்கிறது, வெளியே யாரும் எடுத்துப் பாவித்ததில்லை. போட்காரருக்கும் மீன் லொறிக்காரருக்கும் ஐஸ் கட்டிக்குத் துண்டு எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. யாருடைய போட், எத்தனை கட்டி, அடுத்த ஆள் வாங்கோ. காலையிலிருந்து பின்னேரம்வரை இதேதான். இந்த வேலையைத் தலை நரைக்கும்வரை செய்த மனிதர், ஒருநாளும் அலுப்பு என்று வாய் திறந்தவரில்லை.

நான் கிளாக்காகச் சேர்ந்து சில மாதங்களிலேயே எனக்கு வேலை கசந்துவிட்டது. கட்டாருக்குப் போகலாமா, இல்லை கடையொன்று போடலாமா என்று யோசித்துக்கொண்டு மேசையில் கன்னத்தை ஊன்றியிருந்தேன். அண்ணை வந்து என் முன்னால் நின்றார்.

“என்ன தம்பி, முகம் கருவாடாய்க் காஞ்சு கிடக்கு?”

“வேலை அலுக்குது அண்ணை.”

“வேலை அலுக்கேல்லை. உமக்கு முன்னாலை கிடக்கிற சுவர்தான் அலுக்குது. எழும்பும்.”

எழும்பினேன். கிறீச் என்று கந்தோர் முழுவதும் பல் கூசும்படி என் மேசையை இழுத்து யன்னல் பக்கம் திருப்பி வைத்தார். அன்று ஒரு நாளிலேயே நான் பல உலக விசயங்களை அறிந்துகொண்டேன். ‘வாசலில் நிற்கக் கூடாது’ என்று எங்கள் கம்பனி எழுதி மாட்டியிருந்த மட்டையை ஒரு கழுதை வாசலில் நின்றே தின்று முடித்தது. கன்ரீன்காரர் ஒரே தேயிலைச் சாயத்துக்கு மூன்றாந்தரமும் சுடுதண்ணீர் ஊற்றி, அதை எங்களுக்கு பிளேன்ரீ என்று கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து நான் அங்கே பிளேன்ரீ குடிப்பதை விட்டுவிட்டேன். ஆனால் கட்டாரைப் பற்றியும் யோசிக்கவில்லை. பின்னேரம் பார்த்தால் கட்டிக்கிடந்த வேலையும் முடிந்திருந்தது.

அண்ணையின் வைத்தியம் எல்லோருக்கும் இப்படி ஒத்து வரவில்லை. எங்கள் மனேஜர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டுதான் கந்தோருக்குள் நுழைவார். கதை முடியாது. கதைத்துக்கொண்டே பின்பக்கத்தால் கதிரையைத் தேடி, திரும்பிப் பார்க்காமலே உட்காருவார். அவருடைய பின்பக்கத்துக்கு அந்தக் கதிரையின் இடம் மனப்பாடம். ஒரு திங்கட்கிழமை, மனேஜர் பாவம், வாடி வதங்கிப் போயிருக்கிறார் என்று இரங்கி, அண்ணை அவருடைய மேசையையும் கதிரையையும் மறுபக்கச் சுவரோடு மாற்றி வைத்துவிட்டார். பழைய இடத்தில் யாரோ ஐஸ் போட்ட இறால் பெட்டியைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தார்கள்.

மனேஜர் வழக்கம்போல வந்தார். வழக்கம்போல உட்கார்ந்தார். “ஓம் சேர், எல்லாம் ஒழுங்காக் கிடக்கு சேர்” என்று கொழும்புக்குச் சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் கோயில் மணிமாதிரி உயர்ந்தது.

அடுத்த நாளே அண்ணையின் மேசைக் கால்கள் நான்கையும் சீமெந்து வைத்துப் பூசச் சொல்லி உத்தரவு வந்தது. பூசினார்கள். அண்ணை கைகட்டி நின்று பார்த்தார். மேசன் போனதும் தன் கதிரையைத் தூக்கி மேசையின் மறுபக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“மேசைக்குத்தானே சீமெந்து. எனக்கில்லையே” என்றார்.

வீட்டில் நானும் இதைப் பரீட்சித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் என் இடத்தை மனைவிக்குக் கொடுத்து, அவளுடைய இடத்தில் நான் இருந்தேன். என் இடத்திலிருந்து பார்த்தால் ரீவி தெரியும். அவளுடைய இடத்திலிருந்து பார்த்தால் கழுவாத கோப்பைகள் தெரியும். “நல்லாத்தான் இருக்கு இந்த இடம்” என்று சொல்லி ரிமோட்டைக் கையில் எடுத்தாள். அன்று போன ரிமோட் இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.

அண்ணை கோயிலையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் ஊரில் எந்த வாங்கில் யார் இருப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு வாங்கு. பாட்டுக் குழுவுக்குப் பக்கத்தில் இருந்தார், கதவடியில் இருந்தார். ஒரு ஞாயிறு நேரே பெண்கள் பக்கம் போய், முன்வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பூசை முடிந்ததும் பங்குச் சாமி கூப்பிட்டார்.

“என்ன, இடம் மாறி இருந்திட்டியளோ?”

“இல்லைச் சாமி. ஆம்பிளையளின்ரை பக்கத்திலையிருந்து பாத்தால் அந்தோனியாரின்ரை தோள்மூட்டு மட்டும்தான் தெரியும். சின்ன வயசிலையிருந்து அந்தத் தோள்மூட்டைத்தான் மண்டாடிக்கொண்டு வாறன். இண்டைக்குத்தான் முகத்தைக் கண்டனான். அவர் சிரிச்சுக்கொண்டெல்லே நிக்கிறார்!”

சாமியும் சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு பார்த்தால் அந்தோனியார் சுரூபம் ஆண்கள் பக்கம் கொஞ்சம் திரும்பி நின்றது.

ஆனால் அண்ணையின் மனைவி பிலோமினாக்கா அன்று சிரிக்கவில்லை. கோயில் வாசலிலிருந்து வீடுவரை ஏசிக்கொண்டே போனார். “விசர் மனிசன்! இனி உங்களைக் கயிறு கட்டித்தான் பூசைக்குக் கூட்டிக்கொண்டு வரவேணும்!” பிலோமினாக்காவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குரலிடம் பஸ் ஹோர்ண் பிச்சை வாங்க வேண்டும். ஹோர்ணுக்கு அசையாத கழுதைகள் அக்கா வாய் திறந்தால் தாமாக எழும்பி றோட்டை விட்டு விலகும்.

அக்கா ஏசுவதிலும் நியாயம் இருந்தது. அவருடைய வீட்டில் கட்டில் விறாந்தைக்கு வரும், அலுமாரி நடுவீட்டுக்குப் போகும். அக்காவின் பிறந்த ஊரான அரிப்பிலிருந்து வந்த அவருடைய தம்பி, சாப்பிட்டுவிட்டு, “அக்கா, போட்டு வாறன்” என்று வாசலென நினைத்து ஒரு கதவைத் திறந்து சாறிகளுக்குள் காலை வைத்தார். ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்டதற்கு அண்ணை சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“தம்பி, மனிசியை ஒரே பக்கத்திலையிருந்து பாத்தால் கோவக்காரியாத்தான் தெரிவா. அங்காலை போய் இருந்து பாத்தால், பாவம், களைச்சுப் போனா எண்டு விளங்கும்.”

அந்த வீட்டில் அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்று. பின்பக்கக் குசினியில் சுவரோடு இருந்த காஸ் அடுப்பு. “எதை வேணுமெண்டாலும் உருட்டுங்கோ. என்ரை அடுப்பிலை கை வைச்சியளெண்டால் அண்டைக்கே அரிப்புக்குப் போயிடுவன்” என்று அக்கா சொல்லியிருந்தார். அண்ணை அந்த ஒரு கட்டளையை மட்டும் மீறவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், ஜெனிற்றா. கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். ஊரே சேர்ந்து அனுப்பி வைத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஏதோ குறைந்தது. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை, கழுதைகள்தான் கவனித்தன. அண்ணை வீட்டுப் படலைக்கு முன்னால் நிம்மதியாகப் படுத்துத் தூங்கத் தொடங்கின. பிலோமினாக்கா ஏசுவதை நிறுத்தியிருந்தார்.

அண்ணை தன் கைமருந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தார். கட்டிலைத் திருப்பினார். மகளின் கலியாணப் படத்தைச் சுவர் சுவராக மாற்றினார். அலுமாரியைக் கொண்டுபோய் வாசலை மறித்தே வைத்தார். அக்கா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாரே தவிர, “ம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை அண்ணை கந்தோருக்கு வந்து, போன கிழமை இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். அடுத்த திங்களும் அதே இடம். கந்தோரில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மனேஜரே எழும்பி வந்தார்.

“அண்ணை, என்ரை கதிரையை வேணுமெண்டால் ஒருக்கா மாத்துவமோ? நான் பாத்து இருக்கிறன்.”

“வேண்டாம் சேர். எங்கை போட்டாலும் ஒண்டுதான்.”

அண்ணை வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மதியம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் இருந்தவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

“அவ ஏசாமல் எனக்குச் சோறு இறங்குதில்லைத் தம்பி. நாள் முழுக்கக் குசினிச் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. சமைக்கிறா, போடுறா, பிறகும் போய்ச் சுவரைத்தான் பாக்கிறா. இப்பிடியே போனால் அவ எனக்கில்லாமல் போயிடுவா எண்டு பயமாக் கிடக்கு.”

“சுவர்தான் அலுக்குது எண்டு எனக்குச் சொன்னது நீங்கள்தானே அண்ணை?”

அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து அவசரமாகச் சாப்பிட்டார். அரைநாள் லீவு போட்டார், எனக்கும் சேர்த்து.

அக்கா பிறஷர் குளிசை எடுக்கக் கிளினிக்குக்குப் போயிருந்தார். அடுப்பு, சிலிண்டர், மேசை எல்லாவற்றையும் நாங்கள் இருவருமாகத் தூக்கினோம். அண்ணை நேரே முன்விறாந்தைக்கு நடந்தார். அது தெற்கிலிருந்து காற்று அடிக்கும் சோளகக் காலம். தெற்குப் பக்கம் பார்த்த அந்த விறாந்தைக்குள் சோளகக் காற்று மணலையும் அள்ளிக்கொண்டு நுழையும். இந்தத் தீவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் அது தெரியும்.

“அண்ணை, காத்து நேரே இஞ்சைதானே அடிக்கும்?”

“பேசாமல் தூக்கும்.”

பிலோமினாக்கா வந்தார். அடுப்பைப் பார்த்தார். நான் அரிப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். அக்கா பையை வைத்துவிட்டு, பாரை மீன் குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி நெருப்புக்குச்சியைக் கிழித்தார். காற்று அணைத்தது. மறுபடி கிழித்தார். அணைந்தது. அண்ணையின் முகம் செத்துக்கொண்டு வந்தது. ஒருவழியாக அடுப்புப் பற்றியது. அந்த நேரம் பார்த்துப் பெரிய காற்று ஒன்று வந்து, குழம்புக்குள் ஒரு கைப்பிடி மணலைப் போட்டு, சட்டி மூடியைத் தூக்கிக்கொண்டுபோய் நடுறோட்டில் உருட்டியது.

“சோளகத்துக்கு முன்னாலை அடுப்பை வைக்கிற மனிசனை எங்கையாவது கண்டிருக்கிறியளே!”

படலைக்கு முன்னால் படுத்திருந்த கழுதைகள் திடுக்கிட்டு எழும்பின.

“கடற்கரையிலைதானே பிறந்தனீங்கள்! உங்கடை அப்பர் காத்துப் பாக்கவும் காட்டித் தரேல்லையே! பாரை மீன் குழம்பெல்லே! முழுக்க மண்! இதை ஆர் தின்னுறது? நீங்கள்தான் தின்னோணும், ஒரு சொட்டு மிச்சம் விடாமல்!”

முன்வீட்டுத் திரேசாக்கா கையில் அகப்பையோடு ஓடி வந்தார். “பிலோமினா! உன்ரை சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு!” என்றார். அக்கா அவருக்கு முதலிலிருந்து சொன்னார். பிறகு றோட்டால் போன பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல மணல் கூடிக்கொண்டே போனது. கடைசியில் தானே சிரித்துவிட்டார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு அத்தனை ஏச்சையும் வாங்கினார். பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும், அவருடைய கண் இரண்டும் நிறைந்திருந்தன.

அக்கா அரிப்புக்குப் போகவில்லை. கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்து மகளுக்கு மணல் குழம்பைக் காட்டினார். அடுத்த நாள் நான் போய், “அடுப்பை உள்ளுக்குத் தூக்கி வைக்கட்டோ அக்கா?” என்று கேட்டேன்.

“ஏன்? வைச்சது வைச்சாச்சு. இஞ்சை நிண்டால் போறவாற சனத்தையாவது காணலாம். காத்துக்கு ஓலைத் தட்டி ஒண்டு கட்டச் சொல்லும் அந்த மனிசனை.”

அண்ணையிடம் தனியாகக் கேட்டேன். “காத்தை மறந்து போனியளோ?”

“நான் கரைவலைக் குடும்பத்திலை பிறந்தனான் தம்பி. சோளகம் எந்தப் பக்கத்தாலை வருமெண்டு எனக்குத் தெரியாதோ?” என்றார்.

இப்போது அண்ணை பென்சனில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். ஓலைத் தட்டி இருந்த இடத்தில் அரைச்சுவர் எழும்பியிருந்தது. அக்கா அடுப்படியில் நின்றபடியே மீன்காரரை ஏசிக்கொண்டிருந்தார். விறாந்தை மூலையில் அண்ணையின் கதிரை. அதற்கு முந்தின முறை வந்தபோதும் அது அங்கேதான் கிடந்தது. அதற்கு முந்தின முறையும் அங்கேதான்.

“என்ன அண்ணை, கதிரை மாத்தேல்லையோ?”

“எங்கை மாத்துறது? இஞ்சையிருந்து பாத்தால்தானே அவவின்ரை முகம் முழுக்கத் தெரியுது” என்றார் அண்ணை, கண்ணை எடுக்காமல்.

நான் என் கதிரையையும் அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.