கெடா சிலுப்பல

நாமக்கல் வட்டாரத்திலேயே வேலை செய்யாமல் களைத்துப்போன ஒரே மனுஷன் எங்கள் பெயிண்டரண்ணன்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் வெல்டிங், அவர் பெயிண்ட். அங்கே யாரும் லீவு என்று சொல்ல மாட்டோம். "நாளைக்கு எனக்குச் சிலுப்பலங்க" என்போம். அந்த வார்த்தையைப் பெற்றுப்போட்டவர் அண்ணன்.

எங்கள் ஓனர் சாவுக்கும் சாமிக்கும்தான் லீவு தருவார். சாவு ஒன்றுவிட்ட சொந்தமென்றால் அரை நாள். அண்ணன் சாமியைப் பிடித்துக்கொண்டார். கருப்பனாருக்குக் கெடா நேர்ந்திருப்பதாகச் சொல்லிப் போனவர், இரண்டு நாள் கழித்து வந்தார்.

"ஏப்பா, வெட்டியாச்சா?"

"இல்லீங்க. தலைல தண்ணி ஊத்துனமுங்க, கெடா சிலுப்பல. சாமி உத்தரவு இல்லாம எப்படீங்க வெட்டறது? மறுக்கா போகோணுங்க."

மறுக்காவும் சிலுப்பவில்லை. ஆடி போய்த் தை வந்தது. கெடாவுக்குத் தாடியே நரைத்தது. பொறுக்காத ஓனர் நேரில் போய்த் தானே ஒரு சொம்பு ஊற்றினார். கெடா அவரை மேலும் கீழும் பார்த்து அசைபோட்டது.

"உங்களுக்கே உத்தரவு இல்லீங்க," என்றார் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு.

சூட்சுமம் எனக்கு மட்டும் தெரியும். தினமும் விடிந்ததும் கெடாவைக் குளிப்பாட்டிவிடுவார். "எரும மேல மழ பேஞ்சாப்பல நிக்கோணும் சாமி. நீ போயிட்டீன்னா என்ற லீவும் போச்சு," என்பார் அதனிடம். அந்த லீவில் சாதித்தது என்னவென்றால், கெடாவுடன் வேப்பமரத்தடியில் தூங்கியதுதான்.

போன மாசம் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஓனர் அரை நாள் கொடுத்தார். சொந்தமில்லையாம்.

காரியம் முடிந்ததும் அண்ணன் சம்சாரம், "நேந்தது நேந்ததுதான். ஞாயித்துக்கெழம வெட்டிப்போடலாம்," என்றார். அன்றிலிருந்து கெடாவை நான் குளிப்பாட்டினேன். அதன் முதுகில் அண்ணன் கைபட்ட நீலப் பெயிண்ட் இருந்தது. சாவு வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது. அந்த இடத்தை மட்டும் நான் தேய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொந்தக்காரர்கள் குழம்புக்கு மசாலாவே அரைத்துவிட்டார்கள். ஓனரும் சாப்பிட வந்திருந்தார். பூசாரி மஞ்சள் தண்ணி ஊற்றினார். மறுபடி ஊற்றினார். கெடா அவர் மாலையை எட்டித் தின்றது.

அண்ணன் சம்சாரம் அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

ஓனர் கெடாவின் கழுவிப் பளபளத்த முதுகில் நீலம் மட்டும் மிச்சமிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்குப் பட்டறைக்கே சிலுப்பல," என்று எல்லாருக்கும் சொன்னார். கிளம்பும்போது என் பக்கம் வந்து மெதுவாக, "காலைல தண்ணி ஊத்தறத உட்றாத சாமி," என்றார்.