சிவப்பு விழுந்த கட்டில்

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. "உங்க வீட்ல எங்க சிவப்பு?" என்றுதான் கேட்டார்கள். "சமையலறையில" என்று ஒருவர் சொன்னால், "எங்களுக்கு மாடிப்படியில" என்பார் மற்றவர். பிறகு இரண்டு பேரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஆளுக்கொரு திசையில், நேராக ஒரே இடத்துக்குப் போவார்கள். மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த வண்ண டாக்டரின் கூடத்துக்கு.

எதற்கு டாக்டர் என்று பெயர்ப்பலகையில் போடவில்லை. கேட்டவரும் இல்லை. வெள்ளை கோட்டு இருந்தது, சட்டைப்பையில் நான்கு பேனா இருந்தது, மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன எதிர்பார்ப்பது? படிக்கட்டிலிருந்து தெருமுனை வரை வரிசை. வங்கிக்காரர், வாத்தியார், வக்கீல் என்று படித்த கூட்டம். "ஜோசியம் கீசியமெல்லாம் நாங்க நம்ப மாட்டோங்க, இது சயின்ஸ்" என்று மார்தட்டியபடி டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சயின்ஸ் இதுதான். சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி, அதில் ஒரே ஒரு பொத்தான். பெயர் அதிர்வுமானி. வீட்டுத் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் வீட்டின் வரைபடத்தை எடுத்து, அதன்மேல் வண்ணம் தெளித்துக் கொடுக்கும். நீலம் வந்தால் நல்ல அதிர்வு. பச்சை, மஞ்சள் என்றால் போனால் போகிறது. சிவப்பு வந்தால் அங்கே பீடை குடியிருக்கிறது. படம் என்னவோ கண்ணைப் பறிக்கும். பளபளப்புத் தாளில், கண்ணாடி போல் உறை போட்டுக் கொடுப்பார். சிலர் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். தன் வீட்டுப் பீடையைத் தானே மாட்டிவைத்து விருந்தாளிக்குக் காட்டும் அதிசயத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

சிவப்பு இல்லாமல் ஒரு வீடாவது தப்பித்ததா என்றால், இல்லை. புதுவீடோ பழைய வீடோ, எங்கேயாவது ஓரிடத்தில் சிவப்பு வந்தே தீரும். சந்தேகப்பட வேண்டிய இடம் இது. எங்கள் ஜனங்களோ, "ஒரு வீட்லகூட தப்பு விடலையே, என்ன துல்லியம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

இந்தத் துல்லியம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அழைத்து வந்தது என் அம்மா.

அப்போது தம்பிக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. மிக்ஸி புகைந்தது. தம்பிக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. குளியலறைத் தரையில் பாசி பிடித்துப் பல காலம் ஆகிறது, மிக்ஸிக்கும் தம்பியின் மேலாளருக்கும் முந்தியிலிருந்தே கோளாறு. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் சரிதான்டா, ஆனா இப்ப ஏன் நடக்குது?" என்றாள் அம்மா. "இப்ப" என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். புதிதாக வந்த சின்ன மருமகள்.

ஒரு நாள் சாயங்காலம் வண்ண டாக்டர் வந்தார். வாசலில் தொடங்கி அறை அறையாக அமுக்கிக்கொண்டே போனார். மறுநாள் படத்தோடு அவரே வந்தார். வீடெல்லாம் நீலமும் பச்சையும். மேற்குப் பக்க அறையில் மட்டும், சரியாகச் சின்ன மருமகள் படுக்கும் கட்டிலின் மேல், செக்கச்செவேல் என்று ஒரு வட்டம்.

"யார் மேல சிவப்பு விழுதோ, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்மா" என்றார் டாக்டர் பெருந்தன்மையாக. "அவங்க கொஞ்ச நாள் தாய்வீட்ல இருக்கட்டும். சிவப்பு ஆறட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு மருமகள்கள் இப்படிப் போனார்கள். ஒருத்தியும் இன்னும் திரும்பவில்லை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள்.

என் மனைவி மட்டும் அந்தப் படத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஏரித்தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்க இந்த மாதிரிப் படம் வரைவதுதான் பிழைப்பு.

"டாக்டர், நிறப்பட்டை எங்க?" என்றாள்.

"என்ன பட்டை?"

"படத்தோட வலது ஓரத்துல ஒரு பட்டை இருக்கும். எந்த நிறம் எந்த எண்ணுனு அதுலதான் போட்டிருக்கும். இதுல கத்தரிக்கோல் போட்டு வெட்டியிருக்கே."

"அது தொழில் ரகசியம்மா" என்று டாக்டர் சிரித்தார். "நீங்க நல்லா சமைங்க, நான் சயின்ஸ் பார்த்துக்கறேன்."

சமைப்பது எங்கள் வீட்டில் நான் என்பது அவருடைய கருவியில் தெரியவில்லை போலிருக்கிறது.

அவர் போனதும் அம்மாவுக்கு எதிரில் என் மனைவி ஒரு தாளைப் போட்டு உட்கார்ந்தாள். "அத்தை, ஏரியில கரையிலிருந்து எவ்வளவு தூரம்னு ஒரு கணக்கு. எவ்வளவு ஆழம்னு இன்னொண்ணு. அங்க தண்ணி எவ்வளவு சூடுனு மூணாவது. தாள்ல குறுக்க ஒண்ணு போடலாம், நெடுக்க ஒண்ணு போடலாம். மூணாவதை எங்க போடறது? அதுக்குத்தான் நிறம். நிறம்னா எண்ணுதான், வேற ஒண்ணுமில்ல. இருக்கறதுலயே பெரிய எண்ணுக்குச் சிவப்பு, சின்ன எண்ணுக்கு நீலம்."

"அப்ப எங்க சிவப்போ அங்க ஜாஸ்தின்னுதானே அர்த்தம்?"

"ஜாஸ்திதான். எவ்வளவு ஜாஸ்தி? பட்டையை வெட்டிட்டா அது தெரியாதே அத்தை."

அம்மா உதட்டைப் பிதுக்கினாள். பெரிய மருமகள் சின்ன மருமகளுக்காகப் பேசுகிறாள், இதில் ஏதோ உள்கை இருக்கிறது என்ற பார்வை அது.

டாக்டருக்குக் கூட்டம் பெருத்துவிட்டதால், சிவப்பு வந்த வீட்டை மறுபடி அளக்க அவரே வருவதில்லை. கருவியை ஒரு ராத்திரிக்கு வாடகைக்குக் கொடுப்பார். நாமே அமுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பீடை எங்கே இருக்கிறதென்று தேடும் வேலையையும் நம்மிடமே தள்ளி, அதற்கும் வாடகை வாங்கிய மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். என் மனைவி போய்க் கருவியை வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்தாள்.

"அத்தை, நீங்களே அமுக்குங்க. நான் தொடவே மாட்டேன். ஆனா நடக்க வேண்டாம். கூடத்துல இருக்கே உங்க பீரோ, அதுக்குள்ள புடவை அடுக்குக்கு நடுவுல வச்சு, எடுக்காம, நகர்த்தாம, அத்தனை கட்டத்துக்கும் அங்கயே அமுக்குங்க."

"என்னடி இது கூத்து? ஒரே இடத்துல வச்சா ஒரே நிறந்தானே வரும்? வீடு முழுக்க ஒரே நீலமா வரும்."

"வரணும். அப்படியே வந்துட்டா நான் வாயே திறக்கல, உங்க இஷ்டம். வரலைன்னா?"

"வராம எப்படி?" என்று அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவைக்கும் போர்வைக்கும் நடுவில் கருவியைச் செருகி, கையை உள்ளே விட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே அமுக்கினாள். முடிந்ததும் பீரோவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவோமாம். நல்ல எச்சரிக்கை. இதில் பாதியை டாக்டரிடம் காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை டாக்டரின் கூடத்தில் நிற்க இடமில்லை. சுவரில் பெரிய திரை. அதன் வலது ஓரத்தை மறைத்து டாக்டரின் படம் போட்ட அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. வீட்டின் பெயர் கிடையாது, டோக்கன் எண் மட்டும்தான். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர்காரர், சம்பளம் போதாத முகமுள்ள ஓர் ஆள், கருவியைச் செருகி விசையைத் தட்டினார்.

திரையில் எங்கள் வீடு மலர்ந்தது. வாசல் பக்கம் கருநீலம். கூடத்தில் பச்சை. உள்ளே போகப் போக மஞ்சள், ஆரஞ்சு. கடைசிக் கோடியறையில் தீப்பிடித்த மாதிரி சிவப்பு. கூட்டம் "அடேயப்பா!" என்றது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இவ்வளவு உக்கிரம் நான் பார்த்ததில்ல" என்றார் டாக்டர், குச்சியால் அந்தச் சிவப்பைத் தட்டி. "இந்த மூலைல ஒரு பொம்பளை படுக்கறாங்க. வெளியிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவங்க. வீட்ல நடக்கற எல்லாக் கெட்டதுக்கும் இவங்கதான் வேர். இனி ஒரு ராத்திரிகூட அங்க தங்கக் கூடாது. இன்னிக்கே வெளிய அனுப்பிடுங்க!"

புகார் கொண்டு வருகிறவர்கள் எப்போதும் அடுத்தவர் கட்டிலைப் பற்றித்தானே கொண்டு வருவார்கள்? அவர் அனுபவத்தில் அது தப்பியதில்லை.

"டாக்டரே, அது என் கட்டில்" என்றாள் அம்மா.

டாக்டரின் குச்சி அந்தரத்தில் நின்றது. ஆனால் தொழில்காரர், சமாளித்தார். "பார்த்தீங்களா! மருமக கிட்டேருந்து பீடை உங்க மேல தாவிடுச்சு!"

"எங்கேருந்து தாவும்? உங்க மெஷின் ராத்திரி பூரா என் பீரோவுக்குள்ள புடவைக்கு நடுவுல கிடந்துச்சு. ஒரு அடி நகரல. அமுக்கினது நான், பூட்டினது நான், சாவி என்கிட்ட. அந்த ரூமுக்கு அது வரவே இல்ல. வராத இடத்துல எப்படிய்யா சிவப்பு வந்துச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மனைவி நேராகத் திரையருகே போய், ஓரத்து அட்டையைப் பிய்த்தாள். டாக்டரின் சிரித்த முகம் கிழிந்து அவள் கையோடு வந்தது. அடியில் நீலத்திலிருந்து சிவப்பு வரை ஒரு பட்டை. கீழே இருபத்தேழு புள்ளி ஒன்று. மேலே இருபத்தேழு புள்ளி ஆறு. தலைமாட்டில் டிகிரி குறி.

"இது அதிர்வுமானியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெர்மாமீட்டர்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "எங்க அத்தை பீரோவுக்குள்ள கையை விட்டு அமுக்க அமுக்க, கைச்சூட்டுல அரை டிகிரி ஏறியிருக்கு. கடைசிக் கட்டம் கடைசி ரூம், அதனால அங்க சிவப்பு. எல்லாரும் ஒரே உயரமா நிக்கற வரிசையில நூலளவு வளர்ந்தவனைக் காட்டி ராட்சசன்னு கத்தற வேலை இது. எந்த வீட்டுக்கும் சிவப்பு வரும். வந்தே ஆகணும். மேற்குச் சுவர்ல வெயில் அடிச்சா அங்க வரும், ஃபிரிட்ஜ் பக்கம் சூடா இருந்தா அங்க வரும்." பிறகு கம்ப்யூட்டர்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, பட்டையை சைபர்லேருந்து ஐம்பது வரைக்கும் வைங்க."

அவர் டாக்டரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு, வாங்காத சம்பளமெல்லாம் நினைவுக்கு வந்ததுபோல், தட்டினார்.

வீடு முழுக்க ஒரே பச்சை. வாசலும் பச்சை, கூடமும் பச்சை, அம்மாவின் கட்டிலும் பச்சை.

"என் வீட்டைப் போடுய்யா!" என்று வங்கிக்காரர் கத்தினார். போட்டார்கள், பச்சை. "எங்க வீடு!" பச்சை. அறுபது வயது வாத்தியார் ஒருவர் தன் வீடும் பச்சையானதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிவப்பு விழுந்தது என்று கூடப்பிறந்த அண்ணனை வீட்டைவிட்டு அனுப்பியவர் அவர். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் "அவநம்பிக்கை உள்ளவங்க வந்தா மெஷின் சுருங்கிடும்" என்று ஏதோ சொல்லிக்கொண்டே பின்படி வழியாக இறங்கப் பார்த்தார். மரச்சாமான் கடைக்காரர் கீழே கதவைச் சாத்தி நின்றார். அவர் வீட்டிலும் ஒரு மருமகள் போயிருந்தாள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "தம்பி, எல்லாம் பச்சையா வந்துடுச்சே, பச்சைக்கு என்ன பரிகாரம்?" என்று கேட்டார். என் மனைவி காதில் அது விழுவதற்குள் நான் நகர்ந்துவிட்டேன். எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் சின்ன மருமகளின் பெட்டி மூடித் தயாராக இருந்தது. அம்மா அதன் முன் போய் நின்றாள். "உள்ள கொண்டு வைம்மா" என்றாள். மன்னிப்பு என்ற சொல் அம்மாவின் வாயில் வராது. ஆனால் குரல் உடைந்துபோயிருந்தது.

தம்பி அவசரமாக ஓடிவந்து பெட்டியின் பிடியில் கை வைத்தான். அந்தப் பெண் அவன் கையை விலக்கினாள்.

"வேண்டாம், நானே தூக்கிப்பேன். என்னை அனுப்பணும்னு ஒரு வண்ணத்தாள் சொன்னப்ப, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, இன்னிக்கு நீங்க தூக்கியிருக்கலாம்."

படம் காட்ட எவன் வந்தாலும் பாருங்கள், கண்ணுக்கு அழகுதான். ஆனால் உங்கள் வீட்டு மனிதரை வெளியே அனுப்பச் சொன்னால், முதலில் அந்த ஓரத்து அட்டையைப் பிய்த்துப் பாருங்கள். பிய்க்கக் கை நடுங்குகிறதென்றால் அவன்மேல் பழி போடாதீர்கள். அவன் மறைத்தது ஒரு பட்டையைத்தான், மூளையைப் பூட்டி வைத்தது நீங்கள்.