உட்கார்ந்து குடிக்கவும்

படிக்காதவன் ஒரு முட்டாள்தனத்தைத் தற்செயலாகச் செய்வான். படித்தவன் அதையே காரணம் சொல்லி, வரிசைப்படுத்தி, குறிப்பெடுத்துக்கொண்டு செய்வான். இருபத்திரண்டு வயதில் என் அப்பாவுக்கு நான் செய்தது இரண்டாவது ரகம். அதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்றுகூட வைத்திருந்தேன். (அம்மா அதைப் பிற்பாடு அடுப்பில் வைத்தாள். அன்றைக்கு வெந்நீர் சீக்கிரம் காய்ந்ததாம்.)

போன மாதம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்தபோது பையிலிருந்து ஒரு டப்பா எடுத்து மேசையில் வைத்தான். துளசி மாத்திரை. மன அழுத்தம் தணியுமாம், நல்ல உறக்கம் வருமாம். மேலே பச்சைப் பசேலென்று இலைப் படம். நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நியாயப்படி அதில் என் படம் இருந்திருக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்திலேயே கரிசல்காட்டில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தவன் நான். சோதித்தும் பார்த்தவன்.

எங்கள் ஊர் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் தாவரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். அந்தப் பட்டத்தால் எனக்கு விளைந்த ஒரே நன்மை, வேப்பமரத்தை வேப்பமரம் என்று சொல்லாமல் வாயில் நுழையாத வேறொரு பெயரால் சொல்லத் தெரிந்ததுதான். மற்றபடி தினமும் பஸ் ஏறி கோவில்பட்டி போவேன். நூலகத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பத்திரிகை படிப்பேன். கடலைமிட்டாய் வாங்கித் தின்றுகொண்டே திரும்புவேன். இதற்கு வேலை தேடுதல் என்று பெயர்.

அப்படி ஒருநாள் படித்த கட்டுரைதான் துளசியைப் பற்றியது. நரம்பு மண்டலத்தைத் துளசி அமைதிப்படுத்தும், டென்ஷனைக் குறைக்கும், உறக்கத்தைக் கொடுக்கும் என்று இருந்தது. பாதி வார்த்தை புரியவில்லை. புரியாத பாதியில்தான் விஞ்ஞானம் இருக்கிறது என்று நம்பும் வயது.

வீட்டில் ஒரு நோயாளியும் தயாராக இருந்தார். அப்பாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. அந்த வருசம் புரட்டாசியிலேயே பருத்தியும் உளுந்தும் விதைத்துவிட்டார். மழை வரும் என்று நம்பிக் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மழை வரவில்லை. ஐப்பசி பாதியும் போய்விட்டது. கூடவே, அக்காவுக்கு நாகலாபுரத்தில் மாப்பிள்ளை பேசி, புதன்கிழமை நிச்சயம் என்று நாள் குறித்திருந்தார்கள். மனுசர் கட்டிலில் படுப்பார், எழுவார், வாசலில் நின்று மேற்கே பார்ப்பார், மறுபடி படுப்பார்.

நான் அவரைக் கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்தேன். ஏன் தூக்கம் வரவில்லை?

"ஏலே, விதை மண்ணுக்குள்ள கெடக்கு. நான் எப்படிலே கண்ண மூட?"

நோட்டில் இப்படி எழுதினேன்: ‘நோயாளிக்குத் தன் நோயைப் பற்றிய அறிவு இல்லை.’

எங்கள் வீட்டுப் பின்பக்கம் அம்மா ஒரு துளசிச்செடி வளர்த்தாள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அதற்கு மட்டும் தினம் ஒரு செம்பு தண்ணீர் கிடைக்கும். அந்தச் செடியை நான் ஒரே மத்தியானத்தில் உருவி மொட்டையாக்கினேன். சாமியை மொட்டையடித்த பாவி என்று அம்மா இரண்டு நாள் பேசினாள். பகுத்தறிவில்லாத பேச்சு என்று விட்டுவிட்டேன். இலையை மொட்டைமாடியில் காயப்போட்டேன். மருந்துக்கு ‘சுகநித்திரை’ என்று பெயரும் வைத்தேன். கோவில்பட்டிக் கடைகளில் கண்ணாடிப் புட்டிகளில் அது வரிசையாக நிற்பதையும், என்னை ஊரார் டாக்டர் என்று தப்பாக அழைப்பதையும், நான் அடக்கத்தோடு திருத்துவதையும் பலமுறை மனதுக்குள் பார்த்தாயிற்று.

இலை முறுமுறுப்பாகக் காய்ந்து வரும் சமயம், சனிக்கிழமை ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் என் மருந்து சேறாகக் கிடந்தது. நான் மழையைத் திட்டினேன். (இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கரிசல்காட்டில் பிறந்து, ஐப்பசி மழையைத் திட்டியவன் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான்.)

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்காவும் நிச்சயத்துக்குச் சேலை எடுக்க கோவில்பட்டிக்குப் போனார்கள். அப்பா விடியுமுன்னே காட்டுக்குப் போய், முழங்கால்வரை கரிசல்மண் ஒட்ட, பத்து மணி வாக்கில் திரும்பினார். கம்மஞ்சோறு சாப்பிட்டார். சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. நனைந்த இலையையே தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிக்கொண்டேன்.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கட்டுரையில் ஆதாரம் இருந்தது.

உடல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எனவே அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்கி, நடுவீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். நல்ல காற்று வேண்டும். காற்று வடக்குச் சன்னலில்தான் வந்தது. எனவே வடக்கே தலை. அப்பா லேசாக முனகினார். மூடநம்பிக்கை என்று அடக்கினேன். சத்தம் ஆகாது. எனவே போன வருசத்து எங்கள் பருத்தியிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து இரண்டு காதிலும் வைத்தேன். பஞ்சு விழாமல் இருக்கத் துண்டைக் கிழித்து, நாடியைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். நறுமணம் வேண்டும். எனவே தலைமாட்டில் ஊதுபத்தி. ஈரம் பட்டுச் சளி பிடிக்கக் கூடாது. எனவே கழுத்துவரை வெள்ளை வேட்டி.

பிறகு பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எங்களுக்குக் கைக்குழந்தையில் பால் புகட்டிய பாலாடையில் துளசித் தண்ணீரை ஊற்றினேன். மொத்தம் ஏழு பாலாடை என்று கணக்கு. மூன்றாவதிலேயே அப்பா தூங்கிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் அளவு முடியவில்லையே? மிச்சத்தை வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கோமதி அத்தை மோர் வாங்க வந்து நிலைப்படியில் நின்றாள். நான் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்று காட்டினேன். அத்தை உள்ளே பார்த்தாள். தரை. வடக்கே தலை. நாடிக்கட்டு. ஊதுபத்தி. தலைமகன் கையில் துளசித் தண்ணீர். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கொண்டுவந்த செம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எவ்வளவு கட்டுப்பாடான பொம்பளை என்று வியந்தேன்.

சாகக் கிடப்பவர் வாயில்தான் துளசித் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தாவரவியல் படித்தவனுக்கும் தெரியும்தான். ஆனால் அவன் அப்போது விஞ்ஞானத்தில் இருந்தான்.

அரை மணி நேரத்தில் வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. உயிர் போகுமுன் அழக்கூடாது அல்லவா. வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்கள். காட்டில் ஈரம் இருந்தும் அன்றைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. என் சோதனையைக் கேள்விப்பட்டு ஊரே திரண்டு வந்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். நடுநடுவே வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டேன். மேலத்தெருப் பெரியவர் ஒருவர் என் தோளில் கை வைத்து, "எப்படிய்யா இருக்காவ?" என்று கேட்டார். நரம்பு மண்டலம் மெல்ல மெல்ல அடங்கிவருகிறது என்று தணிந்த குரலில் விளக்கினேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடித்து நாகலாபுரத்துக்குச் சொல்லிவிட ஆள் அனுப்பினார். வரட்டும், சம்பந்தி வீட்டாரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன். நோட்டிலும் எழுதினேன்.

மூன்று மணிக்குத் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. சம்பந்தியின் அக்கா, பெரிய உடம்பு, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் சம்பந்தி கையில் தண்ணீர் சொட்டும் ரோஜாமாலை, இன்னொருத்தர் கையில் கோடி வேட்டி. வழியிலேயே யாரோ முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வாசலுக்கு ஓடி, சத்தம் போட வேண்டாம், அப்பா தூங்குகிறார் என்றேன். அந்தம்மா என்னைக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதே என்று இன்னும் உரக்க அழுதாள். அந்தப் பிடியிலிருந்து நான் திமிறி வருவதற்குள் சம்பந்தி உள்ளே போய்விட்டார்.

மாலையைப் போடக் குனிந்தார். அதிலிருந்து நாலைந்து சொட்டுத் தண்ணீர் அப்பா கழுத்தில் விழுந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். எதிரே சம்பந்தி, மாலை, புது வேட்டி, வாசல் நிறைய ஜனம். எழுந்து உட்கார்ந்து, காதில் பஞ்சு இருந்ததால் ஊருக்கே கேட்கும்படி,

"என்ன சம்பந்தி, புதன்கிழமைன்னுல்லா சொன்னிய?" என்றார்.

ஒப்பாரி பாதி அடியில் நின்றது. கோமதி அத்தை நிலைப்படியிலேயே சரிந்தாள். அப்பா மட்டும் நிதானமாக, வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கத் தெரியாதா என்று என்னைக் கடிந்துகொண்டார். நாடிக்கட்டோடு அவர் பேசியது பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

சரியாக அப்போதுதான் அம்மாவும் அக்காவும் வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியவுடனேயே செய்தி சொல்லிவிட்டார்களாம். அம்மா ஓடிவந்த வேகத்தில் நடுவீட்டில் நின்று அப்பாவைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், ஊதுபத்தியைப் பார்த்தாள், பாலாடையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"வடக்க தலைய வச்சு, காதுல பஞ்ச வச்சு, நாடியக் கட்டி, பத்தியக் கொளுத்தி எல்லாம் செஞ்சிட்டியே, சங்கூதுதவன எங்கலே? அவன மட்டும் ஏன் விட்ட?"

நான் நெஞ்சை நிமிர்த்தி, ஒரு மாதமாகத் தூங்காத மனுசர் நாலு மணி நேரம் தூங்கியிருக்கிறார், அது துளசியின் வேலை என்றேன். இதைச் சொல்லும்போது கையில் நோட்டு இருந்தது. அப்பா அதற்குள் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டிருந்தார்.

"ஏலே, மழ பேஞ்சுதுலா. அதான் தூங்கினேன்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். தொடர்ந்து வாசலே சிரித்தது. ஆனால் சம்பந்தியின் அக்கா சிரிக்கவில்லை. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, சாவுக்கு வாங்கிய மாலை பெண்ணைப் பெற்றவர் மேல் படப் பார்த்துவிட்டது, நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்னால் இப்படி ஒரு சகுனம் ஆகாது, வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாகச் சொன்னாள். சிரிப்பு அடங்கியது. அக்கா சேலைப் பார்சலை மார்போடு பிடித்தபடி கதவோரம் நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், அந்த நாளில் முதல் தடவையாக, எனக்குச் சொந்த மூளை வேலை செய்தது. நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

சம்பந்தி மாலையைப் பின்னால் நின்றவர் கையில் கொடுத்தார். அவரும் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிச் சம்சாரிதான்.

"நேத்து மழைக்கு நானுந்தான் விடிஞ்சது தெரியாம ஒறங்கினேன்," என்றார். "எம் மவன் படிக்காதவன், அதனால பொழைச்சேன். இதுல சகுனம் என்னக்கா இருக்கு? புதன்கிழம புதன்கிழமதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு. இந்தத் தம்பி, கல்யாணத்துல ஒருத்தருக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தப்படாது. அதுக்குச் சம்மதம்னா சரி."

அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் ஒரே சமயத்தில் சம்மதம் என்றார்கள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவது பெண்ணின் தம்பி வேலை. அதற்கு மாப்பிள்ளை கையால் மோதிரம் போடுவார். சித்தப்பா மகன் ஊற்றினான். மோதிரமும் அவனுக்குத்தான் போனது. நான் பந்தலுக்கு வெளியே, குடத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்கவைக்கப்பட்டேன். அந்த வருசம் பருத்தி நன்றாக விளைந்தது. அதற்கும் என் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்று அப்பா ஊர் முழுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம். நான் தண்ணீர் கொண்டுவந்தால், படுத்திருப்பவர் யாராயிருந்தாலும் முதலில் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். காய்ச்சலில் கிடந்தாலும் சரி, என் கையில் டம்ளரைக் கண்டால் எழுந்துவிடுவார்கள். மச்சான் கால் உடைந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது நான் சோடா கொண்டுபோனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

போன மாதம் அக்கா மகன் அந்த மாத்திரையில் ஒன்றை எடுத்துக்கொண்டு சோபாவில் நீட்டிப் படுத்தான். ஆபீஸ் டென்ஷன், மாமா, ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க என்றான். அவனுக்கு இந்தக் கதையை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. நான் தண்ணீரோடு அடுப்படியிலிருந்து வந்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கண்ணை எடுக்காமலே எழுந்து நேராக உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினான்.