புகைமேல் பழி சொல்லாதவர்

டீசல் புகையை மோந்தே எந்தப் படகு, அதன் எஞ்சினுக்கு என்ன வியாதி என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊரில் எஞ்சின் மெக்கானிக். ஊருக்கே அவர் புகை மாமா. நிருபராக இருந்தும் நான் அவருடைய இயற்பெயரை விசாரித்ததில்லை.

சைலன்சர் வாயில் தன் வெள்ளைத் துண்டைப் பிடிப்பார். விழுந்த கறையைப் பார்த்துவிட்டு மோந்து பார்ப்பார். “எவனோ மண்ணெண்ண கலந்திருக்கான்” என்பார். கலந்தவன் கூட்டத்தில் பின்வாங்குவான். ஒருமுறை, கடலில் படகே தெரியாதபோது காற்றை மோந்து, “மச்சான் வர்றாரு” என்றார். கால் மணி நேரத்தில் அவர் தங்கை புருஷன் வந்து இறங்கினார்.

அந்த மூக்கு ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளாது: புகையால் பூமி சூடாகிறது என்பதை.

“மேல போற பொகை கீழ கெடக்கற கடல எப்டி சார் சூடாக்கும்? சட்டிக்கு மேலயா தீ வெக்கறோம்?”

மீன் குறைந்ததற்குச் செல்போன் டவர் காரணம். வெயில் ஜாஸ்தியானதற்கு மொட்டைமாடிகள். கடல் ஏறி வருவதற்கு? “அதுக்கும் வயசாவுதுல்ல, தொப்ப போடுது.”

தொப்பை அதற்குள் இரண்டு வரிசைத் தென்னையை விழுங்கியிருந்தது. அடுத்து அவர் தங்கை வீடு. தங்கையோ, “அண்ணன் சொன்னாதான் கெளம்புவேன்” என்று உட்கார்ந்திருந்தாள்.

2010இல் சிதம்பரத்திலிருந்து ஒரு பேராசிரியர் பருவநிலை பற்றிப் பேச வந்தார். படம் காட்டத் தொடங்கியதும் கரண்ட் போனது. வாடகை ஜெனரேட்டர் மூன்று முறை இருமிவிட்டு அடங்கியது. எல்லாத் தலைகளும் மாமா பக்கம் திரும்பின. “டீசல் லைன்ல காத்து புடிச்சிருக்கு” என்றவர் இரண்டு நிமிடத்தில் அதை ஓடவிட்டார். பிறகு ஒரு மணி நேரம், காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அதன்மேல் கைவைத்து ஜன்னலோரம் நின்றார். உள்ளே பேராசிரியர், அந்த டீசலின் தயவில், டீசலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் படத்தில் அதே கரை, அன்றும் இன்றும். விளிம்பில் தங்கையின் வீடு. “புகை குறையலன்னா கடல் இன்னும் ஏறும். முன்வரிசை வீட்டுக்காரங்க இப்பவே தள்ளிப் போயிடுங்க.”

ஊர் ஜன்னலைப் பார்த்தது.

“எஞ்சினு மேல பழி போடாதீங்க சார். இந்த ஊரு சோறு துன்றதே இந்தப் பொகையாலதான்” என்றார் மாமா. தங்கை நிம்மதியாக வெற்றிலை மடித்தாள்.

மறுநாள் காலை போனால், மாமா தங்கையின் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு நடந்துகொண்டிருந்தார்.

“கரையான் சார். செவுரு பூரா கரையான்.”

சுவர் சிமெண்ட் கல்.

“எங்கண்ணா கரையான்? காட்டு” என்று பின்னாலேயே வந்தாள் தங்கை.

“உன் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நட.”

அடுத்த ஆண்டு கடைசியில் வந்த புயல் அந்த வீட்டை அஸ்திவாரத்தோடு கொண்டுபோனது. நான் போய்ச் சேர்ந்தபோது, கவிழ்ந்த படகுகளுக்கு நடுவே மாமா துண்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார்.

“புகைதானே மாமா?”

கறைகளை வெகுநேரம் பார்த்தார். “கரையான்தான் சார்” என்றார். குரலில் பழைய பலம் இல்லை.

‘கரையான் தொல்லையால் முன்பே வீட்டைக் காலி செய்த ஒரே குடும்பத்தின் ஐந்து பேர் உயிர் தப்பினர்’ என்று செய்தி கொடுத்தேன். தெரிந்தே நான் அச்சில் ஏற்றிய ஒரே பொய் அது. திருத்தம் போடும் எண்ணம் இன்றைக்கும் இல்லை.