அணைக்கட்டு கடலைக் கொல்லையில் ஒரு ஹெலிகாப்டர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: வானத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்ததெல்லாம் தரையைத் தொட்ட பிறகுதான்.

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த அந்த நாளில் எனக்கு நாற்பது மணி நேர அனுபவம், நாலாயிரம் மணி நேரத் திமிர். பயிற்சிப் பாதை எங்கள் ஆம்பூருக்கு மேலே போகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா தெருவையே மொட்டை மாடியில் ஏற்றிவிட்டாள். மேலே பறந்தபோது நாலைந்து புடவைத் தலைப்புகள் ஆடியது தெரிந்தது. நானும் மகாராணி மாதிரி கையசைத்தேன்.

"கை கன்ட்ரோல்ல இருக்கட்டும்மா," என்றார் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் ஜோசப் சார்.

ஆம்பூர் தாண்டி அணைக்கட்டு ஊர் நெருங்கும்போது ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சினில் ஏதோ சரியில்லை, சீக்கிரம் இறங்கிப் பார்ப்பது நல்லது என்று அர்த்தம். கீழே ஒரு கடலைக் கொல்லை. மரமில்லை, மின்கம்பி இல்லை, ஆளும் இல்லை.

"நீயே எறக்கு. நானும் கூடவே கைய வெச்சிருக்கேன்," என்றார் சார்.

பூப்போல இறக்கினேன். (முதல் மூன்று விநாடி உண்மையிலேயே பூப்போலத்தான் இருந்தது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.)

அன்று காலையில்தான் அந்தக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். இடது கால் (ஹெலிகாப்டருடையது, என்னுடையது அல்ல) சேற்றில் புதைந்தது. சாய்ந்தால், மேலே ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கீழே இறக்க வேண்டும், மேலே இழுக்கவே கூடாது என்று சார் நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் இழுத்தேன். அவர் தடுப்பதற்குள் உலகம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. மேல் விசிறி மண்ணில் அடித்துத் துண்டு துண்டாகப் பறந்தது.

விசிறி நின்றுபோனது. நான் பெல்ட்டில் தொங்கினேன். எனக்குக் கீழே கிடந்த சார் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்: "உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"அப்ப மொதல்ல வெளிய போ."

மேல்பக்கக் கதவு வழியாகச் சேற்றில் குதித்தோம். பம்ப் ஷெட்டிலிருந்து ஓடிவந்தார் கொல்லைக்காரர் செல்வி அக்கா. "எம்மா, இன்னா ஆச்சி? அடி கிடி பட்டுச்சா?"

"இல்லக்கா. மன்னிச்சிடுங்க, கடலையெல்லாம் வீணாப் போச்சி."

"கடல கெடக்குது போ. மறுபடி வெதச்சா மொளைக்கும். நீ மொளைப்பியா?"

அதற்குள் ஊர்க்காரர்கள் கூடிப் போனில் படம் பிடித்தார்கள். எனக்கு முன்னாலேயே என் வீடியோ ஆம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த அப்பா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு பைக்கில் கொல்லைக்கே வந்து இறங்கினார். என் கை, கால், முதுகு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏற்றுமதிக்குப் போகிற ஷூ மாதிரி. அப்புறம் சாரிடம் கேட்டார்: "மிஷின் கோளாறா சார்?"

சார் என்னைப் பார்த்தார்.

சுற்றிலும் ஊரே நிற்கிறது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பிக்கும். மஞ்சள் விளக்கு எனக்குச் சாட்சி சொல்லும்.

"லைட் எரிஞ்சது நெசம்பா. ஆனா சாய்ச்சது நான்தான்."

அப்பா உடைந்த விசிறித் துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இத்தோடு என் படிப்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

"எங்க தப்புன்னு தெரிஞ்சிடுச்சி இல்ல? அப்ப சரி பண்ணிக்கலாம்," என்றவர், சாரிடம் திரும்பினார். "மறுபடி கிளாஸ் எப்ப சார்?"

சார் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

விசாரணையிலும் அதையேதான் சொன்னேன். சில மாதம் பறக்க விடவில்லை. அப்புறம் அரிச்சுவடியிலிருந்து மறுபடி ஆரம்பம். அதே சார், அதே பக்கத்து இருக்கை. (அவர் கை மட்டும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.) இப்போது லைசென்ஸ் வாங்கி வேலையும் பார்க்கிறேன்.

அன்று என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்ட செல்வி அக்கா, இன்றும் நான் விடுமுறைக்கு வந்திருப்பது தெரிந்தால் போன் செய்கிறார். ஸ்பீக்கரில் போடு என்று அப்பா அதட்டுவார். அம்மா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு ஓடிவருவாள். அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றேதான்:

"பாப்பா, இன்னிக்கி தண்ணி கட்டல. எறங்கறதுன்னா தாராளமா எறங்கு!"