கரிப்பெட்டி விஷயமாக ஒரு வாபஸ்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காளும் டிரக்கும் சுகம். மூவரில் இருவருக்குள் மட்டும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்த இருவர் நானும் டிரக்கும். அங்கே தாங்களும், தங்கள் மனைவியும், புது வீட்டின் கதவு ஜன்னல்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

"தாங்கள்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. நான்கு மாதத்துக்கு முன் மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் அனுப்பினேனே, அது "தாங்கள்" என்று தொடங்கி "தாங்கள்" என்றே முடிந்தது. இது அதன் வாபஸ் என்பதால் அதே இடத்தில் தொடங்குவதுதான் முறை. வீடு மாறுவதற்காக என் டிரக்கை இரண்டு நாள் வாங்கிப் போனாய், கொண்டுவந்து விட்ட மூன்றாம் நாள் இஞ்சின் விளக்கு எரிந்தது, ஆகவே கெடுத்தவன் நீதான் என்று அதில் தீர்ப்பே எழுதியிருந்தேன். பீரோ பாரத்தோடு மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டி அடியில் எதையோ இடித்திருப்பாய் என்றும், நீ பொறுப்பில்லாதவன் என்றும், அதற்கு மேலே இன்னும் இரண்டு வார்த்தையும் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வார்த்தையைப் படித்த வாரத்திலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. உன் அக்காளும் "சாப்பாடு எடுத்து வெச்சாச்சு", "குழாய் ஒழுகுது" என்ற இரண்டே வாக்கியத்தில் என்னோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

இந்த நான்கு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியை மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒரு சின்ன மெஷினைச் செருகிப் பார்த்து "ஆவிப் பக்கம் கோளாறு, மூடியை மாத்துங்க" என்றார், நானும் மாற்றினேன், விளக்கு அதுபாட்டுக்கு எரிந்தது. ஷெட் முழுக்கப் பெட்ரோல் நாற்றம். அதைவிட வேடிக்கை, பெட்ரோல் போட்டுவிட்டு பங்க்கிலிருந்து கிளப்பினால் வண்டி இருமி இருமி நின்றுபோகும், பின்னால் நிற்பவன் ஹாரனை அழுத்துவான், நான் உள்ளே உட்கார்ந்து உன்னைத் திட்டுவேன். இப்படியே ஓட்டியிருப்பேன், ஆனால் போன வாரம் வருடாந்திரப் புகைப் பரிசோதனையில், விளக்கு எரியும் வண்டியைச் சோதிக்கவே முடியாது, பத்து நாளில் சரிசெய்து கொண்டுவா, இல்லையென்றால் சாலையில் ஓட்டாதே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். டயர் கடைக்காரர்தான் சொன்னார், என் கடைக்குப் பின்னால் ஒரு அம்மா இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்று. அந்த வட்டாரத்தில் அவருக்குப் புகைக்காரம்மா என்று பெயர்.

அந்த அம்மாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதமே. நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை கறுப்பு, ஆனால் கருவிகள் வைத்திருக்கும் மேஜை கண்ணாடி மாதிரி இருக்கிறது. முதல் பத்து நிமிஷம் அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. எப்போது இருமுகிறது, பெட்ரோல் போட்ட உடனேயா, பாதி டேங்கிலா, நாற்றம் முன்னாலா பின்னாலா என்று கேள்வியாகக் கேட்டார். எடை அளவு ஆய்வாளனாக முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய்க் கேள்வி கேட்டவன் நான், கேட்கத் தெரிந்தவரைக் கண்டால் எனக்குத் தெரியும். மெஷின் ஏற்கெனவே சொல்லிவிட்டதே அம்மா என்றேன்.

"மெஷின் எந்தத் தெருன்னுதான் சார் சொல்லும். எந்த வீடுன்னு நாமதான் தேடணும்."

பிறகு எனக்கே பாடம் எடுத்தார். டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி எழுந்துகொண்டே இருக்குமாம். அதைக் காற்றில் விடக்கூடாது என்று வண்டிக்கு அடியில் கரித்துண்டுகள் நிரப்பிய ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். கரி அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டி ஓடும்போது ஒரு சின்ன வால்வு திறந்து இஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஆவியைக்கூட வீணாக்காமல் ஒரு பெட்டி காவல் காக்கிறது என்பது இருபது வருஷமாக அந்த வண்டியை ஓட்டும் எனக்குத் தெரியாது.

இஞ்சினை ஓடவிட்டு, அந்த வால்வுக்கு வரும் மெல்லிய குழாயைக் கழற்றி என் விரலை வால்வின் வாயில் வைக்கச் சொன்னார். விரலை இழுத்தது. இப்போது இது மூடியிருக்க வேண்டும், திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பெட்ரோல் போட்டதும் ஆவி மொத்தமாக உள்ளே போய் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது என்றார். வால்வைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளில் தட்டினார். கடுகு கடுகாகக் கரி விழுந்தது. கரி இங்கே வரை வந்திருக்கிறது என்றால் பெட்டி உள்ளே நொறுங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். நான் உடனே, இடித்ததால்தானே அம்மா, என் மைத்துனன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஆரம்பித்தேன். அவரோ ஒரு கருவியிலிருந்து வெள்ளைப் புகையைக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் படுத்தேன். உன் குற்றத்தை நேரில் பார்க்கிற ஆசையில் என் இடுப்பு வலிகூடத் தெரியவில்லை. மூடியில் புகை வரவில்லை, டேங்கில் இல்லை, குழாயில் எங்கேயும் இல்லை. பெட்டிக்குள் போன புகை மறுபக்கம் வெளியே வர வேண்டும், அதுவும் வரவில்லை, உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் பெட்டியை நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, இடித்த அடையாளமே கிடையாது, பத்து வருஷத் தூசி கலையாமல் அப்படியே இருக்கிறது என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. பெட்டியைக் கழற்றித் தராசில் வைத்தார். தராசில்! பழக்கதோஷத்தில் நான் முதலில் அந்தத் தராசைச் சோதித்தேன், ஒரு கிராம் பிசகில்லை. இதே மாதிரிப் புதுப் பெட்டி ஒரு கிலோ தொள்ளாயிரம். என் பெட்டி மூன்று கிலோ இருநூறு. அவர் அதைச் சாய்த்தார், ஆவி மட்டும் இருக்க வேண்டிய பெட்டியிலிருந்து பெட்ரோல் ஊற்றியது. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"சார், பங்க்ல 'டக்'குனு நின்னதும் குழாயை எடுத்துடச் சொல்லுவீங்களா?"

உனக்குத்தான் தெரியுமே. முழு அளவு என்றால் முழு அளவு, படியைக் குலுக்கித் தட்டி நிரப்பினால்தான் அது அளவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். 'டக்' என்று நின்ற பிறகு நாலு அழுத்து, அப்புறம் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டி காற்றை வெளியேற்றி, கழுத்தில் பெட்ரோல் தெரிகிற வரை இன்னும் ரெண்டு அழுத்து. அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"பங்க்காரங்க சொல்ற குலுக்கல் சார் நீங்கதானா?"

எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆவி நிற்பதற்கென்று மேலே விட்டிருக்கும் இடத்தையும் நான் நிரப்பிவிட்டதால், பெட்ரோல் நேராகப் பெட்டிக்குள் வழிந்து கரியை ஊறவைத்து நொறுக்கியிருக்கிறது. ஒரு நாள் வேலை இல்லை, பல வருஷ வேலை. "காலி இடமும் டேங்க் அளவுல சேர்த்திதான் சார்" என்றார். இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்த எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன். பெட்டியும் வால்வும் மாற்றினார், விளக்கு அணைந்தது, நேற்றுப் பரிசோதனையில் வண்டி முதல் தடவையிலேயே தேறிவிட்டது.

ஆகவே மேற்படி கடிதத்தின் மூன்று பக்கத்தையும் வாபஸ் வாங்குகிறேன். "பொறுப்பில்லாதவன்" வாபஸ். அந்த இரண்டு வார்த்தையும் வாபஸ், குறிப்பாக இரண்டாவது. நான்கு மாதம் உன் அக்காளை உன்னிடமிருந்து பிரித்து வைத்தது என் குலுக்கல்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

உனக்கும் உன் மனைவிக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். புது வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
என்கிற குலுக்கல் சார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்காள் இதை எடுத்துப் படித்துவிட்டாள். சிரித்தாள், நான்கு மாதத்தில் முதல் தடவையாக. பிறகு ஒரு விஷயம் சொன்னாள். வண்டியைத் திருப்பி விட்ட அன்று நீ வாசலில் நின்று, "அத்தான் போடற மாதிரியே குலுக்கிக் குலுக்கி கழுத்து வரைக்கும் போட்டிருக்கேன்க்கா, பார்த்தா சந்தோஷப்படுவார்" என்று சொல்லிவிட்டுப் போனாயாம். ஆக, கடைசியாக அந்தப் பெட்டியை மூழ்கடித்தவன் நீயேதான். மேலே உள்ள வாபஸை இத்துடன் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று, என் வாழ்நாளில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆளைப் பிடித்துப் பொறுப்பில்லாதவன் என்று எழுதியிருக்கிறேன். உன் காருக்கும் நீ அப்படித்தான் போடுகிறாயாமே, விளக்கு எரிகிறதா? புகைக்காரம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை. உன் அக்காளும் இப்போது சமையலறையிலிருந்து மூன்றாவதாக ஒரு வாக்கியம் சொல்கிறாள்: "சனிக்கிழமையே வரச் சொல்லுங்க, அவனுக்குப் பிடிச்சதைப் பண்றேன்."