ஆளுக்கொரு வாத்தியம்

பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் ஆசிரியர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களைத் திட்டித் திட்டிப் பத்திரிகைகளும் களைத்துவிட்டன. நான் சொல்ல வந்தது பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் ஆசிரியரைப் பற்றி. கல்முனைக் கரையில் இந்த இனம் இப்போது நன்றாக விளைகிறது. வேளாண்மையைப் போல வருடத்துக்கு இரண்டு போகம்: ஒன்று சுதந்திர தினத்துக்கு, மற்றது நல்லிணக்க விழாவுக்கு.

எங்கள் பாடசாலையில் அவருக்குப் பெயர் நல்லரெத்தினம் சேர். சங்கீதம் படிப்பிக்கிறார். பக்கத்து வகுப்பில் நான் கணக்குப் படிப்பிப்பதால், அரைச்சுவருக்கு மேலால் வரும் அவருடைய பாடமெல்லாம் எனக்கும் மனப்பாடம். இசைக்கு இனமில்லை என்று கரும்பலகையில் அழகாக எழுதுவார். எழுதிய கையோடு மருதமுனை முஸ்லிம் பிள்ளைகளை இந்தப் பக்கமும் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைகளை அந்தப் பக்கமும் நிறுத்துவார். கெட்ட எண்ணம் கிடையாது. கலப்பதென்றால் முதலில் பிரிக்க வேண்டாமா?

வகுப்பு இடாப்பில் ஒரு பெயரைக் கண்டால் போதும், அந்தப் பிள்ளையின் கையில் எந்த வாத்தியம் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பார்க்கும் வீண்வேலை அவருக்கில்லை. இந்த முறை நல்லிணக்க விழாவுக்கும் அப்படித்தான், முஸ்லிம் பிள்ளைகளுக்கு வட்டமான றபான் பறை, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிருதங்கம், சக்கர நாற்காலியில் வரும் ஸம்றாவுக்கு, அவள் அந்த வகுப்பிலேயே நன்றாகப் பாடக்கூடியவள் என்பதால் அல்ல, படத்தில் நடுவில் தெரியவேண்டும் என்பதற்காக, முன்வரிசையில் ஒரு பூச்செண்டு என்று பங்கிட்டார். சிங்களப் பிள்ளை ஒன்று மட்டும் குறைந்தது. அதற்கும் வழி கண்டார். காரைதீவுப் பவிதரனுக்குத் தலைப்பாகை கட்டி, கண்டி மேளத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

இந்தக் கணக்கில் உதைத்தவள் றுஸ்னா. மருதமுனைப் பிள்ளை, தரம் ஏழு. முதல் தவணையில் சேர் எல்லாருக்கும் பொதுவாக மிருதங்கச் சொற்கட்டுச் சொல்லிக் கொடுத்தபோது, அதை வீட்டில் பால்மா டின்னில் அடித்தடித்துப் பழகியவள். மேடையில் ஒரு தடவையாவது மிருதங்கம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. கையில் வந்ததோ றபான்.

ஒத்திகை நடுவில் சேர், விழாப் பதாகையின் நீளம் பற்றிக் கதைக்கத் தொலைபேசியோடு வெளியே போனார். அந்த ஐந்து நிமிடத்தில் றுஸ்னா றபானை விதுஷாவிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய மிருதங்கத்தை வாங்கிக்கொண்டாள். விதுஷாவுக்கும் மிருதங்கம் ஒரு தண்டனையாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு வந்ததே ஒரு தாளம்! நான் பின்னங்களை அப்படியே விட்டுவிட்டு அரைச்சுவரில் சாய்ந்து நின்றேன். வாசலுக்குத் திரும்பி வந்த சேரும் கண்ணை மூடித் தலையசைத்தார். கண்ணைத் திறந்ததும்தான் வினை.

"நல்லாத்தான் இருக்கு மகள்," என்றார். "ஆனா பாக்கிற சனத்துக்கு விளங்காதே. உங்கட ஆக்களுக்கு எவ்வளவு வடிவான றபான் இருக்கு."

"பவிதரன் சிங்களப் புள்ளயாகலாமெண்டா, நான் ஏன் சேர் மிருதங்கம் அடிக்கேலா?"

"அது நிகழ்ச்சிக்கு மகள்."

இந்தப் பதிலுக்கு மேல் எந்தப் பிள்ளை வாதாடும்? விழாவில் றுஸ்னா குனிந்த தலை நிமிராமல், பிழையில்லாமல் றபான் அடித்தாள். அதிதிகள் கைதட்டினார்கள். பவிதரனோடு ஓர் அதிகாரி சிங்களத்தில் கதைக்க, அவனும் பண்போடு சிரித்து வைத்தான். அனைத்து மாணவர்களும் மகிழ்வுடன் பங்குபற்றினர் என்று அறிக்கை போனது.

அடுத்த தவணை றுஸ்னா சங்கீதத்தை விட்டுச் சித்திரத்துக்கு மாறிவிட்டாள். ஆசிரியர் அறையில் நல்லரெத்தினம் சேர் உண்மையாகவே கவலைப்பட்டார். "முஸ்லிம் புள்ளைகள் சங்கீதத்துக்கு வாறது குறைவு சேர். நாமதான் ஊக்கப்படுத்தோணும்." நான் தேநீரைக் குடித்தபடி, ஓம் என்று தலையாட்டினேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் நல்லரெத்தினம் சேரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள்: றுஸ்னா என்ற பெயரையும் மிருதங்கத்தையும் ஒரே பந்தியில் வாசித்தபோது, அட, இந்தப் பிள்ளைக்கா என்று உங்கள் புருவம் கொஞ்சம் உயரவில்லையா? அரைச்சுவரில் சாய்ந்து நின்ற எனக்கு உயர்ந்தது. இத்தனைக்கும் நானும் மருதமுனைதான்.